வெயிலில் கேட்ட விசில்

அந்த விசில் முதல் தடவையாக வெயிலில் கேட்டது ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு. மூடுபனி இறங்கினால் மட்டும் கேட்கிற சத்தம் அது. பளிச்சென்று வெயில் காயும்போது கேட்டால் யாருக்குத்தான் விளங்கும்? ஒரு நொடி, தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் அவரவர் செய்த வேலை அப்படியே நின்றது. பிறகு எல்லாரும் ஓடினார்கள். பக்கத்து வீட்டுத் திலகா அடுப்பில் கொதித்த பருப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். மேல் மலையில் கொழுந்து வெட்டும் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த மண்டோர் சிங்காரம், ஆட்களிடம் மெஷினைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, தேயிலை நிரைக்குள் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

ஓடித்தான் ஆகவேண்டும். அது அந்த எஸ்டேட்டின் முப்பது வருஷத்துக் கட்டுப்பாடு. காளியண்ணன், ரஞ்சிதம் இருவருக்கும் இரண்டாவதாகப் பிறந்த புனிதனுக்கு டவுன் சிண்ட்ரோம். ஒன்பது வயதில் ஒருநாள் பனியில் வழி தவறிப்போனான். அரை நாள் தேடினார்கள். கடைசியில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் உட்கார்ந்திருந்தவனை, உதடு நீலம் பாரித்த நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாளே ரஞ்சிதம் ஒரு காரியம் செய்தாள். ஃபேக்டரி வாசலில் ஜாகாவாகக் காவல் நிற்கிற புருஷனிடமிருந்து தகர விசிலைப் பிடுங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்து மகன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"எங்க இருக்கோம்னு தெரியலன்னா நில்லு. அசையாத. ஊது. யாராச்சும் வர்ற வரைக்கும் ஊதிக்கிட்டே இரு."

இதைச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அடுப்படியில் சொல்லிக்கொடுத்தாள், மலையில் சொல்லிக்கொடுத்தாள், மழையில் நனைந்துகொண்டு சொல்லிக்கொடுத்தாள். அவனுக்குச் சொன்னதோடு விடவில்லை. லைனில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, விசில் கேட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வரவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். அப்போது இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. லைனில் பாதி வீடுகளில் வங்காளதேசத்து ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் விசில் கேட்டால் ஓடி வருவார்கள். புனிதனும் தன் வாக்கைக் காப்பாற்றினான். இத்தனை வருஷத்தில் பதினைந்து தடவை ஊதியிருந்தால் அதிகம். எல்லாம் பனியில்தான்.

அந்தப் புதன்கிழமை எல்லாரும் மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பார்த்தால், புனிதன் தன் வீட்டு வாசலில் நின்று ஊதிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா புனிதா, வீட்டு வாசல்லயா தொலைஞ்சு போன?" என்றார் சிங்காரம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

எல்லாரும் சிரித்தார்கள். ரஞ்சிதமும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. ஆனால் அவள் மட்டும்தான் மகனின் கண்ணைப் பார்த்தாள். அவன் அந்த நீலக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன தைப்பூசத்துக்கு அவனே பெயின்ட் அடித்த கதவு அது. யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைப் பார்ப்பதுபோல, உள்ளே போகலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டு நின்றான்.

"வெளையாட்டு லா இவனுக்கு. நாப்பது வயசு ஆகப் போவுது, இன்னும் வெளையாட்டு," என்று சொல்லி, அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அது விளையாட்டில்லை என்று அவளுக்குத் தெரியும். தீபாவளி கழிந்ததிலிருந்தே தெரியும். தினமும் காலையில் அப்பாவுக்கு மைலோ கலக்குவது புனிதன் வேலை. கட்டி இல்லாமல் கலக்கி, மேலே ஒரு கரண்டி தூள் தூவி, "பாஸ், ரெடி!" என்று சல்யூட் அடித்து நீட்டுவான். தீபாவளிக்கு மறுவாரம் ஒருநாள் மைலோ டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் சுடுதண்ணீர் ஆறிப்போகும்வரை நின்றான். அன்றைக்கு அவளே கலக்கி, அவன் கையில் கொடுத்து அனுப்பினாள். காளியண்ணன் குடித்துவிட்டு, "இன்னிக்குச் சீனி கம்மிடா," என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ரஞ்சிதத்தின் களவு வாழ்க்கை ஆரம்பித்தது. களவு என்றுதான் சொல்லவேண்டும். மாரியம்மன் கோயில் வாசலைக் கூட்டுவது புனிதனின் வேலை. இருபது வருஷமாக அவன் துடைப்பத்தை வேறொருவர் தொட்டால் சண்டைக்கு வருவான். இடது கைக்காரன், அதனால் மண்ணில் விழுகிற கோடுகள் எல்லாம் இடப்பக்கமாக வளைந்திருக்கும். இப்போது பாதி கூட்டிவிட்டுத் துடைப்பத்தோடு நின்றுவிடுகிறான். ரஞ்சிதம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதியைக் கூட்டினாள், இடது கையால், அவன் கோடு மாதிரியே விழும்படி. அறுபத்தேழு வயதில் இடது கையால் கூட்டிப் பழகினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அவன் திரும்பி வந்து, சுத்தமான வாசலைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, "நான் கூட்டுனேன்," என்றான். "ஆமாய்யா, நீதான் கூட்டுன," என்றாள். துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்டால், மோகனாவுக்காகத்தான்.

மூத்தவள் மோகனா மலைக்குக் கீழே, பூச்சோங் பட்டணத்தில் இருக்கிறாள். பதினோராவது மாடியில் அடுக்குமாடி வீடு. அவளும் வேலைக்குப் போகிறாள், புருஷன் தினேஸ்வரனும் வேலைக்குப் போகிறான். போன வருஷம் காளியண்ணனுக்கு நெஞ்சடைப்பு வந்து பிழைத்து எழுந்தபோது, தினேஸ்வரன்தான் வாயைத் திறந்து சொன்னான். "அத்தை, ஒங்களுக்குப் பின்னாடி புனிதன் எங்ககிட்ட இருக்கட்டும். காலையில எட்டு மணியிலேருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் வீட்டுல தனியா இருக்கணும், அது ஒன்னுதான். அவனே குளிச்சு, அவனே சாப்பிட்டு, அவன் வேலைய அவன் பாத்துக்கிட்டான்னா எனக்கு ஒரு சூசாவும் இல்ல, கஷ்டமும் இல்ல." நல்ல பிள்ளை. வேறு எந்த மருமகன் இப்படிச் சொல்வான்? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ரஞ்சிதம் அந்த ஒரு வருஷமும் தூங்கினாள்.

அதற்கு முந்திய முப்பத்தெட்டு வருஷம் அவள் சரியாகத் தூங்கவில்லை. நான் போன பிறகு இவனுக்கு யார்? இந்தக் கேள்வி பாயில் அவள் பக்கத்தில் படுத்துக்கிடந்தது. ஒவ்வொரு சித்திரையும் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்பாள். எதற்கு வேண்டுதல் என்று யார் கேட்டாலும், "சும்மா, குடும்பம் நல்லாருக்க," என்பாள். பொய். குடத்தை இறக்கி வைக்கும்போது அவள் கேட்பது ஒன்றுதான். ஆத்தா, எனக்கு ஒரு நாள் முன்னாடி இவனைக் கூட்டிக்கோ. ஒரே ஒரு நாள். இதை அவள் கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. பெற்ற வயிறு இப்படிக் கேட்குமா என்று உலகம் காறித் துப்பும். துப்பட்டும். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்துப் பார்த்துவிட்டுத் துப்பட்டும்.

விசில் அதன் பிறகு அடிக்கடி வெயிலில் கேட்டது. கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவே, தண்ணீர்க் குழாயடியில், ஒருநாள் குளியலறை வாசலில். முதல் இரண்டு தடவை எல்லாரும் ஓடி வந்தார்கள். மூன்றாவது தடவை நடந்து வந்தார்கள். ஐந்தாவது தடவை திலகா மட்டும் வந்தாள்.

"அக்கா, டாக்டர்கிட்ட காட்டலாம் லா," என்றாள் மெதுவாக. "அவன் மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு."

"என் மவனுக்கு ஒன்னுமில்ல. நீ ஒன் வேலயப் பாரு," என்று ரஞ்சிதம் பாய்ந்தாள். திலகாவிடம் அவள் அப்படிப் பேசியதே கிடையாது.

சிங்காரம் வேறு விதமாகச் சொன்னார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இப்படிச் சும்மா சும்மா ஊதுனா, நெசமாவே பனியில மாட்டிக்கிட்டு ஊதுறப்ப ஒருத்தனும் எந்திரிச்சு வர மாட்டான். கொஞ்ச நாளைக்கு அதக் கழட்டி வைங்க." அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ரஞ்சிதம் கழற்றவில்லை. அந்தக் கயிற்றில் கை வைப்பாள், அப்படியே எடுத்துவிடுவாள்.

கடைசியில் கழற்றத்தான் செய்தாள். அது மோகனா வருகிற சனிக்கிழமை. திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம். பெண்ணும் மருமகனும் நேரில் வந்து பார்த்து, ஒரு மாசம் புனிதனைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துப் பார்க்கப் போகிறார்கள். பழகிவிட்டால் பிறகு பயமில்லை என்பது மோகனாவின் கணக்கு. அவர்கள் முன்னால் இவன் நடு வீட்டில் நின்று விசில் ஊதினால்? காலையில் அவன் குளித்துவிட்டு வந்ததும், கயிறு ஈரமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லிக் கழற்றினாள். மிளகாய்த்தூள் டின்னைத் திறந்து, தூளுக்குள் புதைத்து மூடினாள். அங்கேதான் யாரும் கை விடமாட்டார்கள்.

புனிதன் புதுச் சட்டையின் மேல் நெஞ்சைத் தடவிப் பார்த்தான். "விசில்?"

"கழுவிக் காயப் போட்டிருக்கேன்யா. அப்பறம் தரேன்."

அவன் தலையை ஆட்டினான். அம்மா சொன்னால் அவனுக்கு மறு பேச்சே கிடையாது.

அன்று காலை அவன் தங்கமாக இருந்தான். கார் வந்து நின்றதும் அக்காளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. தேயிலை பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்கள், புது மேனேஜர், லோரி டிரைவர் என்று தெரியாதவர் யார் வந்தாலும் நேராகப் போய்க் கையை நீட்டிக் குலுக்குவான். சொந்தக்காரர்களுக்குக் கட்டிப்பிடிப்பு, அந்நியர்களுக்குக் கைகுலுக்கல். அதில் அவன் தவறியதே இல்லை. தினேஸ்வரனையும் கட்டிப்பிடித்தான். ரஞ்சிதம் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். தட்டை அவனே எடுத்தான், சோற்றை அவனே பிசைந்து சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். ஒவ்வொன்றும் அவள் அந்த வாரம் முழுக்க ஒரு நாளைக்கு மூன்று வேளை ஒத்திகை பார்த்தது.

"சூப்பரா இருக்கான்மா," என்றாள் மோகனா. "நான்தான் என்னமோ ஏதோன்னு பயந்துகிட்டு இருந்தேன். அவனுக்கு ரூமுக்குத் திரைச்சீல எல்லாம் வாங்கிட்டேன். திருவிழா முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறோம்."

ரஞ்சிதம் சட்டென்று எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், யாரும் பார்க்காமல் சுவருக்குக் கும்பிடு போட்டாள். வெளியே பெண்ணும் மாப்பிள்ளையும் காளியண்ணனும் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சந்தோஷத்தில் புனிதன் எழுந்து பின்கதவு வழியாகப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மூன்று மணிக்குப் பனி இறங்கியது. கேமரன் மலைப் பனியைப் பற்றி அங்கேயே பிறந்தவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் எதிர் மலை காணாமல் போகும், அப்புறம் ஃபேக்டரி, அப்புறம் கோயில், அப்புறம் வாசலில் நிற்கிற கார். மோகனாதான் முதலில் கேட்டாள். "தம்பி எங்கம்மா?"

வீட்டில் இல்லை. குளியலறையில் இல்லை. செருப்பு மட்டும் வாசலில் இருந்தது. தினேஸ்வரன் பதறிப்போனான். "மாமா, இந்தப் பனியில எங்க போயிருப்பான்? ஆளுங்களக் கூப்பிடலாம்."

காளியண்ணன் அசையவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே சிரித்தார். "ஒக்காருங்க மாப்பிள்ளை. இங்க ஒரு மொற இருக்கு. அவன் தொலைஞ்சா ஊதுவான். விசில் கேக்குதா? கேக்கல. அப்ப அவன் தொலையல. கோயில்ல ஒக்காந்திருப்பான், இல்ல சிங்காரம் வீட்டுல டிவி பாத்துக்கிட்டு இருப்பான். நீங்க டீயக் குடிங்க."

பக்கத்து வீட்டில் திலகாவும் அப்படித்தான் நினைத்தாள். மேல் லைனில் சிங்காரமும் அப்படித்தான் நினைத்தார். முப்பது வருஷமாக அந்த லைனுக்கே அப்படி ஒரு நம்பிக்கை. சத்தம் இல்லையென்றால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அந்தச் சத்தம் ஏன் வரவில்லை என்று தெரிந்தவள் ஒருத்திதான். அவள் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட வேண்டியதுதானே? சொன்னால், ஏன் கழற்றினாய் என்று கேட்பார்கள். வெயிலில் ஊதுகிறான் என்று சொல்லவேண்டும். ஏன் ஊதுகிறான் என்று கேட்பார்கள். பூச்சோங்கில் தொங்குகிற புதுத் திரைச்சீலை அவள் கண்ணுக்குள் ஆடியது. நானே போய்க் கண்டுபிடித்து அழைத்து வந்துவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாள். "கோயில்ல இருப்பான், நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

குளியலறைக்குப் பின்னால் உள்ள பாதையில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். நீட்டின கை தெரியவில்லை. கோயில் வாசலில் துடைப்பம் கிடந்தது. பாதி வாசல் கூட்டியிருந்தது. குழாயடி, கொழுந்து நிறுக்கிற கொட்டகை, ஃபேக்டரிக்குப் போகிற ரோடு, எங்கேயும் இல்லை. வந்த வழியே மறுபடி கூப்பிட்டுக்கொண்டு திரும்பினாள். தேயிலைச் செடிகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தமும் கேட்டது. நின்று கேட்டாள். தன் மூச்சுதான் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. "சிங்காரம் வீட்டுல இருக்கான் போல," என்றாள். பொய் எப்படித்தான் வாயில் வந்ததோ. அடுப்படிக்குப் போய் மிளகாய்த்தூள் டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் என்று ஒரு கிளாஸைக் கழுவினாள். கழுவின கிளாஸையே மறுபடி கழுவினாள். அவளைத் திட்டுவது சுலபம். அவள் தன்னைத் திட்டிக்கொண்டதில் ஒரு பங்குகூட நம்மால் திட்ட முடியாது. அந்தப் பத்து நிமிஷத்தை அவள் சாகும்வரை சுமக்கத்தான் வேண்டும்.

கூரைத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. ஒன்பது வயதில் கானுக்குள் கிடந்த பிள்ளையின் நீல உதடு அவள் கண்முன்னால் வந்தது. டின்னைத் திறந்தாள். தூள் சிந்தச் சிந்த விசிலை உருவி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, வாயில் வைத்து ஊதினாள்.

மிளகாய் உதட்டில் பற்றி எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஊதிக்கொண்டே இருந்தாள். கதவுகள் திறந்தன. மழையோடு மழையாகத் திலகா ஓடி வந்தாள், சிங்காரம் வந்தார், மேல் லைன் ஆட்கள் டார்ச்லைட்டோடு வந்தார்கள். பனியில் வந்த விசில் என்பதால் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். வந்தவர்கள் அவள் வாயில் விசிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"புனிதன் எங்கக்கா?" என்றார் சிங்காரம்.

"தெரியல. மூணு மணியிலேருந்து காணோம். விசில நான்தான் கழட்டி வச்சேன்." மோகனாவைப் பார்க்காமலே சொன்னாள். "அவனுக்கு வீடு அடையாளம் தெரியலம்மா. எல்லாம் மறந்து போவுது. நீ கூட்டிட்டுப் போவமாட்டியோன்னு மறைச்சுட்டேன்."

எல்லாரும் டார்ச்லைட்டைத் திருப்பிக்கொண்டு பனிக்குள் இறங்கினார்கள். காளியண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

மோகனாதான் அவனைக் கண்டாள். தூரத்தில் இல்லை. குளியலறைக்குப் பின்னால், பாதையிலிருந்து இரண்டாவது நிரை. வீட்டுக் கதவிலிருந்து எண்ணினால் முப்பது அடி இருக்கும். இடுப்பளவு தேயிலைக்கு நடுவே வெறுங்காலோடு, நனைந்த புதுச் சட்டையோடு நின்றான். நகர்ந்த அடையாளமே இல்லை. அம்மா சொன்னபடி நின்றிருந்தான். இடது கையை மூடி, கட்டைவிரலை உதட்டில் வைத்து, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான். உஸ், உஸ் என்று காற்று மட்டும் வந்தது. ஒன்றரை மணி நேரமாக ஊதியிருக்கிறான். ரஞ்சிதம் அந்த வழியாகக் கூப்பிட்டுக்கொண்டு இரண்டு தடவை போயிருந்தாள். அவள் கேட்டது தன் மூச்சு இல்லை.

"அம்மா கூப்பிட்டேனேய்யா! பக்கத்துலதானே வந்தேன், கேக்கலையா?" செடிகளை விலக்கிக்கொண்டு அவள் உள்ளே பாய்ந்தாள். குச்சி கீறி முழங்கை ரத்தமானது. அவன் ஊதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தான். மழையில் நனைந்து, வாய் சிவந்து வீங்கி, அழுதுகொண்டு வருகிற ஒரு கிழவியைப் பார்த்தான். யாரோ வந்துவிட்டார்கள் என்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மரியாதையாகச் சிரித்தான். குலுக்குவதற்குக் கையை நீட்டினான்.

ரஞ்சிதம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவனைத் தானா ராட்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் நஜிஹா சின்னப் பெண்தான். ஆனால் நிறுத்தி நிதானமாகப் பேசினாள். அவள் மலாயில் சொன்னதை மோகனா தமிழில் சொன்னாள். ரத்தம் சோதிக்கவேண்டும், தைராய்டு பார்க்கவேண்டும், காது பார்க்கவேண்டும், ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூளையைப் படம் எடுக்கவேண்டும். அதெல்லாம் முடிகிறவரை உறுதியாகச் சொல்லமுடியாது. ஆனால் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதை ஒட்டி மறதி நோய் வருவது அதிகம். உடம்புக்கு நாற்பது, மூளைக்கு எண்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்துவிட்டால் திரும்பிப் போகாது. பராமரிக்கலாம், நன்றாக வைத்துக்கொள்ளலாம்.

"எவ்வளவு நாள்?" என்று காளியண்ணன் தானே மலாயில் கேட்டார்.

டாக்டர் மேஜையில் இருந்த ஃபைலை மூடி வைத்தாள். சிலருக்கு நாலைந்து வருஷம், சிலருக்குக் கூடுதலாக இருக்கலாம் என்றாள். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ரஞ்சிதத்தின் தோளைத் தொட்டு ஒன்று சொன்னாள். மோகனா அதை உடனே தமிழில் சொல்லவில்லை.

"என்னா சொன்னாங்க?"

"ஒங்களுக்குப் பின்னாடி அவன யாரு பாத்துக்குவாங்கன்னு நீங்க கவலப்பட வேண்டி வராதாம்மா."

திரும்பி வரும்போது தினேஸ்வரன் காரை ஓட்டினான். மோகனா முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே புனிதன், கழுத்தில் விசிலோடு. பிரிஞ்சாங் டவுன் தாண்டியதும் பனி ரோட்டை மூடியது. கியா பார்ம் கடைகளின் விளக்குகள் மங்கலாக வந்து மங்கலாகப் போயின.

"எப்பேர்ந்துமா ஒனக்குத் தெரியும்?" மோகனா திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"தீவாளிக்குப் பின்ன."

"ஆறு மாசமா! ஆறு மாசமா, ஒரு வார்த்த சொல்லல." அவளுக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "இப்படின்னு சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? வேலய விட்டுட்டு வந்திருப்பேன்மா நான்."

ரஞ்சிதம் புனிதனின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அவள் மனசு அதில் இல்லை. திருவிழாவுக்கு இரண்டு வாரமும் சில நாளும் இருந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் குடம் எடுத்து, வாய் ஓயாமல் கேட்டாயிற்று. ஆத்தா இத்தனை நாள் காது கேளாதவள் மாதிரி இருந்துவிட்டு, இப்போது கேட்டதைக் கேட்டபடியே எடுத்து நீட்டுகிறாள். கேட்டது தப்பு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க வழி உண்டா? இந்தத் தடவை குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் எந்த முகத்தோடு, என்னவென்று கேட்பது? அவளுக்குப் பயமாக இருந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தை அவள் அறிந்ததில்லை.

காளியண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை.

"ரஞ்சிதம்," என்றார். "ஒன்கிட்ட ஒன்னு சொல்லணும். வருசா வருசம் நீ கொடம் எடுக்கறப்ப, நான் பின்னால நின்னுக்கிட்டு ஆத்தாகிட்ட ஒன்னு கேப்பேன். எனக்கும் ஒனக்கும் ஒரு நாளு முன்னாடி இவன..."

ரஞ்சிதம் அவரைப் பார்த்தாள்.

"நீங்களுமா?" என்றாள்.

புனிதன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். இரண்டு ஜன்னலும் வெள்ளையாக இருந்தன. நெஞ்சைத் தடவி விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினான். அடைத்த காருக்குள் அந்தச் சத்தம் காதைப் பிளந்தது. தினேஸ்வரன் திடுக்கிட்டு காரை ஓரத்தில் நிறுத்தினான்.

"இங்கதான்யா இருக்கோம். அம்மா இங்கதான் இருக்கேன், அப்பா இங்கதான் இருக்காரு," என்று ரஞ்சிதம் அவன் கையைப் பிடித்தாள். காளியண்ணன் இன்னொரு கையைப் பிடித்தார். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு கைகளையும் மரியாதையாகக் குலுக்கினான்.

பிறகு கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டு, யாராவது வருகிறவரை ஊதவேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தபடியே, மறுபடி ஊதினான்.